முடித்த பிறகும் அலுக்காத பழைய கேம்கள்

விண்டோஸோடு இலவசமாக வந்த ஃப்ரீசெல் சீட்டாட்டத்தை நிறைய பேர் திறந்து பார்த்திருப்பீர்கள், ஆனால் அதில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு எண் இருப்பதைக் கவனித்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அன்றைய பதிப்பில் 1 முதல் 32,000 வரை. ஒரு எண்ணைக் கொடுத்தால் யாருடைய கம்ப்யூட்டராக இருந்தாலும் அதே சீட்டு அதே வரிசையில்தான் விழும். 52 சீட்டும் முகம் தெரிய எட்டு வரிசையில் கிடக்கும், ஒளித்து வைத்தது ஒன்றும் இல்லை, தற்காலிகமாக ஒதுக்கி வைக்க நாலு இடம், அவ்வளவுதான். எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்க முடியும் என்று நம்பப்படுகிறது, ஆனால் நிரூபணம் இல்லை என்று அதன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். 1994இல் டேவ் ரிங் என்பவர் இணையத்தில் ஆள் சேர்த்து 32,000 ஆட்டத்தையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுத்தார். ஒருவருக்கு வராததை இன்னொருவர், அவருக்கும் வராவிட்டால் இன்னும் கெட்டிக்காரர் என்று கைமாறிப் போய், கடைசியில் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் யாருக்கும் மசியாமல் நின்றது. எண் 11982. பிறகு எழுதப்பட்ட நிரல்கள் எல்லா வழியையும் தேடிப் பார்த்தும் அதற்கு விடை கிடையாது.

அப்படியென்றால் மீதி 31,999 ஆட்டத்திலும் தோற்றால் தோற்றது நம்மால்தான். சீட்டைக் குறை சொல்ல வழியில்லை. ஒரு கேம் பத்து வருடம் கழித்தும் நம்மைக் கூப்பிடுகிறதா இல்லையா என்பதை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

பொதுவாக யாராவது "அலுக்காத பழைய கேம் ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டால் கிடைப்பது சிறுவயது ஞாபகம். டேஞ்சரஸ் டேவ், ரோட் ராஷ், ஸ்கூல் லேபில் டீச்சர் வருவதற்குள் திறந்து மூடியது, பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து ஆடியது. அந்த ஞாபகத்தின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலை வைத்து இறக்கிப் போட்டால் ரெண்டு நாளில் மூடிவிடுவோம், ஏனென்றால் நமக்குப் பிடித்தது அந்த அரை மணி நேரமும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்த நண்பனும். திரும்பத் திரும்ப ஆட வைக்கும் கேமுக்கு வேறொன்று வேண்டும்: ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் நான் புதிதாக யோசித்து முடிவெடுக்க வேண்டிய நிலை வர வேண்டும், அந்த முடிவு தப்பானால் அதன் விலையை நானே கொடுக்க வேண்டும். தாயம் ஏன் தலைமுறை தலைமுறையாக அலுக்கவில்லை? கட்டம் அதேதான், காயும் அதேதான், ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் வேறு.

இதை முதலில் கம்ப்யூட்டரில் தெளிவாகச் செய்துகாட்டிய கேம்களில் ஒன்று ரோக். 1980 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற ரெண்டு மாணவர்கள் எழுதியது. அன்றைக்குப் பிரபலமாக இருந்தவை எழுத்திலேயே நடக்கும் சாகச கேம்கள். குகைக்குள் போ, விளக்கை எடு, கதவைத் திற என்று டைப் செய்ய வேண்டும். புதிரை ஒருமுறை அவிழ்த்துவிட்டால் அதோடு சரி. அதிலும் எழுதியவருக்கு அந்த கேமில் ஒன்றுமே மிஞ்சாது, எல்லா விடையும் அவருக்கு முன்பே தெரியும். எழுதிய எங்களுக்கே அடுத்த அறையில் என்ன இருக்கிறது என்று தெரியாத கேம் வேண்டும் என்று இவர்கள் நினைத்தார்கள். டாய் பிறகு பெர்க்லி வளாகத்துக்குப் போனபோது, திரையில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுத்தை வைக்க உதவும் கர்சஸ் என்ற நிரல் தொகுப்பை எழுதிய கென் ஆர்னல்டும் சேர்ந்துகொண்டார்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. 80 எழுத்து அகலம், 24 வரி உயரமுள்ள திரையை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது பகுதியாகப் பிரித்துக்கொள்வது, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு அளவில் ஒரு அறை, அறைகளை இணைக்க நடைபாதைகள். நீங்கள் @ என்ற குறி. அரக்கர்கள் ஏ முதல் இசட் வரை 26 எழுத்துகள். 26ஆவது தளம் வரை இறங்கி மந்திரத் தாயத்து ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே வந்து சேர வேண்டும். தரையில் கிடைக்கும் மருந்துப் புட்டிகளுக்கு நிறம்தான் அடையாளம், அந்த நிறமும் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும்: நேற்று காயத்தை ஆற்றிய நீல மருந்து இன்றைக்குக் கண்ணைக் குருடாக்கலாம்.

செத்தால் செத்ததுதான். சேவ் செய்து வைத்த கோப்பைத் திறந்த உடனே ரோக் அதை அழித்துவிடும், அதனால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. இதைக் கேட்டதும் பலரும் கொடுமை என்று ஒதுங்கிவிடுகிறார்கள், அது நியாயமில்லை என்பது என் எண்ணம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், திரும்பப் போக முடியும் என்றால் என்ன செய்வோம்? கையில் இருக்கும் ஆறு மருந்தையும் ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்து, எது எது என்று குறித்துக்கொண்டு, மறுபடி சேவைத் திறப்போம். அப்போது நிறத்தை மாற்றி வைத்ததற்கே அர்த்தம் போய்விடும். உயிர் பாதியாகக் குறைந்திருக்கிறது, எதிரே ஏதோ ஒரு எழுத்து நெருங்கி வருகிறது, கையில் பெயர் தெரியாத ஒரு புட்டி. குடிப்பதா, எறிவதா, ஓடுவதா? அந்தக் கணத்துக்குக் கனம் வருவது திரும்ப முடியாது என்பதால். இன்றைக்கு வரும் எத்தனையோ கேம்களை ரோக்லைக் என்று ஒரு வகையாகவே அழைக்கிறோம், அந்தப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

சரி, இன்றைக்கு ஒன்றை இறக்கி ஆடுவதானால் ரோக்கைவிட அதன் வழியில் வந்த நெட்ஹேக்கைத்தான் சொல்வேன். 1987இல் முதல் பதிப்பு வந்தது, இலவசம், மூல நிரலும் திறந்தது, இன்னும் பராமரிக்கிறார்கள். இதில் ஒவ்வொரு பொருளும் மற்றப் பொருளோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அளவுக்கு மீறி யோசித்து வைத்திருக்கிறார்கள். ஒரு உதாரணம் போதும். காக்கட்ரைஸ் என்று சேவல் மாதிரி ஒரு ஜந்து, வெறும் கையால் தொட்டால் கல்லாகிவிடுவோம். அதைக் கொன்றுவிட்டால் பிணம் கிடக்கும், அதையும் வெறும் கையால் தொடக்கூடாது. ஆனால் கையுறை கிடைத்திருந்தால் அந்தப் பிணத்தையே தூக்கி ஆயுதமாகப் பிடிக்கலாம், அடிபட்டவன் பெரும்பாலும் கல்லாவான்! இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு ராஜ்யமே கிடைத்த மாதிரி இருந்தது, ரெண்டு தளம் ஓடி ஓடி அடித்தேன், அப்புறம் மூடியிருந்த ஒரு குழியில் கால் வைத்து விழுந்தேன். விழும்போது கையில் இருந்த பிணம் மேலே பட்டு நானே கல். கையுறை போட்டிருந்தும் காப்பாற்றவில்லை. நாலு மணி நேர ஆட்டம் ஒரே வரியில் முடிந்தது. கோபம் வந்ததா என்றால் வந்தது, ஆனால் அடுத்த நிமிடம் புதிய ஆட்டம் தொடங்கியாகிவிட்டது, ஏனென்றால் குழி தோண்டியது யாராக இருந்தாலும் பிணத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது நான்.

மைன்ஸ்வீப்பரை இங்கே சேர்ப்பேனா என்றால் பாதி மனதோடுதான். கடினமான பலகையில் 30க்கு 16 கட்டம், 99 கண்ணி, எண்களை வைத்துத் தர்க்கமாகப் போய்க்கொண்டே இருக்கலாம், கை வேகமாகும் சுகம் உண்டு. ஆனால் கடைசியில் ரெண்டு கட்டம் மிஞ்சி, எதில் கண்ணி என்று எந்தத் தர்க்கத்தாலும் சொல்ல முடியாத நிலை அடிக்கடி வரும். அங்கே தோற்றால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஃப்ரீசெல் அதைவிட உயர்ந்தது என்று நான் சொல்வது இதனால்.

சிவிலைசேஷன் 1991இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் மைக்ரோபுரோஸ் நிறுவனத்தில் செய்தது. கி.மு. 4000இல் ஒரு குடியேறிக் கூட்டத்தோடு தொடங்கி விண்வெளி வரை போகும். நல்ல கேம் என்பது சுவாரஸ்யமான முடிவுகளின் தொடர் என்று மையர் சொல்வது பிரபலம், அதை அவர் எப்படி நடைமுறைப்படுத்தினார் என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஆற்றங்கரையில் நகரம் அமைத்தால் பயிர் நன்றாக விளையும், மலையோரம் அமைத்தால் உற்பத்தி நன்றாக இருக்கும், ரெண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது, வரைபடமோ ஒவ்வொரு முறையும் புதிது. அதோடு ஒரு தந்திரமும் இருக்கிறது: எதுவும் ஒரே நேரத்தில் முடியாது. மதில் சுவர் கட்டி முடிக்க மூன்று டர்ன், எழுத்தைக் கண்டுபிடிக்க ஐந்து, புதிய கூட்டம் போய்ச் சேர ரெண்டு. ஒன்று முடியும்போது இன்னொன்று பாதியில் நிற்கும், அதனால் எழுந்து போக ஒரு நல்ல இடமே வராது. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பால்காரர் சத்தம் கேட்டு எழுந்தவர்களுக்குத் தெரியும்.

இதில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தி அணுகுண்டு போடுவார் என்ற கதையை இந்த கேமோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய ஆக்ரோஷ எண் 1, ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும், எண் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் சுற்றி 255 ஆகிவிடும் என்று விளக்கம் வேறு சொல்வார்கள். முதல் கேமில் அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று மையர் 2020இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவிட்டார். 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில்தான் காந்திக்கு அணு ஆயுத ஆசையை வேண்டுமென்றே கூட்டி வைத்தார்கள். இந்த வரிசையில் எனக்குப் பிடித்தது 2005இல் வந்த நான்காம் பாகம். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் இதே மாதிரியான ஃப்ரீசிவ் இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் தொடங்கி 1996இல் வெளியிட்டது, இன்றும் ஓடுகிறது. போனில் ஆட அன்சிவ்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். 1999இல் என்செம்பிள் ஸ்டுடியோஸ் செய்த போர் வியூக கேம், அந்த நிறுவனம் 2009இல் மூடப்பட்டே போய்விட்டது. ஆனால் கேம் போகவில்லை. ரசிகர்கள் சேர்ந்து ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற பெயரில் புதிய இனங்களைச் சேர்த்து ஒரு மோட், அதாவது மூல கேமை மாற்றி ஆடும் தொகுப்பு, செய்தார்கள், 2013இல் எச்டி பதிப்பு வந்த பிறகு அந்த மோடே அதிகாரபூர்வ விரிவாக்கமானது, 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது. 13 இனங்களோடு தொடங்கியது இன்றைக்கு 40க்கும் மேல்.

இதில் அலுப்பு ஏன் வரவில்லை என்பதைப் பார்க்க முதல் ஐந்து நிமிடம் போதும். உங்களிடம் ஒரு நகர மையம், மூன்று கிராமவாசிகள், ஒரு சாரணன், 200 உணவு. ஒரு கிராமவாசியை உருவாக்க 50 உணவும் 25 விநாடியும் ஆகும், அப்படியானால் கையிருப்பு நாலு பேருக்குத்தான் வரும். அதற்குள் சாரணனை விட்டுச் சுற்றுப்புறத்தில் ஆடு தேட வேண்டும். அரேபியா என்ற வரைபடத்தை ஆயிரம் முறை ஆடியவருக்கும் ஆடு எங்கே, தங்கம் எந்தப் பக்கம், காடு எதிரியின் வழியை மறைக்கிறதா இல்லை திறந்து கிடக்கிறதா என்பது முன்கூட்டித் தெரியாது, பெயர் அதேதான், நிலம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். அப்புறம் பன்றி. ஒரு காட்டுப்பன்றியில் 340 உணவு இருக்கிறது, ஒரு ஆட்டில் 100தான். ஆனால் பன்றி சும்மா நிற்காது. ஒரு கிராமவாசி போய் அம்பு விட்டதும் அது துரத்தும், அவர் நகர மையம் வரை உயிரோடு ஓடி வர வேண்டும், அங்கே ஆடு அறுத்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் சேர்ந்து அதைச் சாய்க்க வேண்டும். ஒரு விநாடி தாமதித்தால் ஆள் போய்விடும், ஆள் போனால் 25 விநாடியும் 50 உணவும் போகும், அந்த இழப்பு பத்தாவது நிமிடத்தில் எதிரியின் ஈட்டி வீரர்கள் வாசலில் நிற்கும்போது கணக்கில் வரும். முதலில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பன்றியைத் தொடாமலே விட்டுவிடுவார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஆடினேன். அதை ஒழுங்காக இழுத்துவரக் கற்ற வாரத்தில் அதே கேம் எனக்கு வேறு கேமாகிவிட்டது.

மீதியெல்லாம் ஆடு புலி ஆட்டம் மாதிரி. ஈட்டி குதிரையை வெல்லும், குதிரை வில்லாளியை வெல்லும், வில் காலாட்படையை வெல்லும். எதிரில் இருப்பவர் என்ன கட்டுகிறார் என்று பார்த்துவிட்டு நாம் மாற வேண்டும், நாம் மாறுவதைப் பார்த்து அவர் மாறுவார். மனிதர்கள் அலுக்காதவரை இது அலுக்காது. 2022இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டையிலேயே இதற்கு ஒரு பெரிய போட்டி நடத்தினார்கள், கேம் வந்து 23 வருடம் கழித்து!

அதே 2022இல் இந்திய வம்சங்களுக்கான விரிவாக்கம் வந்தது. அதுவரை இந்தியர்கள் என்று மொத்தமாக இருந்த ஒரே இனத்தைப் பிரித்து வங்காளர், திராவிடர், கூர்ஜரர், இந்துஸ்தானி என்று தனித்தனியாக்கினார்கள், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் ஒரு தொடராக வந்தன. நம் ஊர்க்காரர்கள் பெருமைக்காக ஒருமுறை ஆடிவிட்டு விடுகிறார்கள், ஆனால் திராவிடர் இனம் உண்மையிலேயே திரும்ப ஆட வேண்டியது. கனரகக் குதிரைப்படையான நைட் இவர்களுக்குக் கிடையாது. பழைய பழக்கத்தில் குதிரையை நம்பிய எல்லாத் திட்டமும் இங்கே உதவாது. சுருள்வாள் வீரர்கள், யானை மேல் வில்லாளிகள், தண்ணீர் இருக்கும் வரைபடமானால் திரிசடை என்ற பெரிய கப்பல், ஒவ்வொரு யுகம் தாண்டும்போதும் சும்மா வரும் 200 மரம், இவற்றை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். ஒரு இனத்துக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதைவிட எதைக் கொடுக்கவில்லை என்பதுதான் ஆட்டத்தைப் புதிதாக்குகிறது.

இதெல்லாம் கேமுக்கு உள்ளேயே புதுமை இருக்கும் வகை. இன்னொரு வகை, ஆடுகிறவர்களே புதுமையைச் சேர்ப்பது. துப்பாக்கியால் சுட்டு முன்னேறும் டூம் 1993 டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்கு முந்தைய வருடம் வந்த வொல்ஃபென்ஸ்டைன் 3டியை ரசிகர்கள் குடைந்து உள்ளே இருந்த வரைபடங்களை மாற்றி ஆடுவதைப் பார்த்துவிட்டு, அதன் முக்கிய நிரலாளர் ஜான் கார்மாக் இந்தத் தடவை கேமை இயக்கும் நிரலையும், வரைபடம், படம், சத்தம் ஆகியவற்றையும் பிரித்தே வைத்தார். பின்னதெல்லாம் வாட் என்ற கோப்பில். பூட்டை உடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. 1997இல் மூல நிரலையும் கொடுத்துவிட்டார்கள். முப்பது வருடமாக மக்கள் டூமுக்குப் புது லெவல் செய்துகொண்டே இருக்கிறார்கள், மூல கேமை முடித்தவருக்கு அடுத்து ஆட ஆயுள் போதாது.

ஓபன்டிடிடி அதே வழியில் வந்தது. கிறிஸ் சாயரின் 1994ஆம் வருட டிரான்ஸ்போர்ட் டைகூனின் டீலக்ஸ் பதிப்பை லுட்விக் ஸ்டிரிகியஸ் என்ற ஸ்வீடன்காரர் உள்ளே பிரித்துப் பார்த்து மறுபடி எழுதி 2004இல் வெளியிட்டார். டொரண்ட் இறக்கிப் பழகியவர்களுக்குத் தெரிந்த மியூடொரண்டை எழுதியவரும் இவர்தான். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மின் நிலையத்துக்கு ஒரு ரயில் விடுவதில் தொடங்கும். தூரம் அதிகமானால் கூலி அதிகம், தாமதமானால் குறையும். நல்ல லாபம் வருகிறதே என்று அதே தண்டவாளத்தில் இரண்டாவது, ஐந்தாவது, பன்னிரண்டாவது ரயிலை விட்டால், ஒருநாள் சிக்னல் தப்பாக வைத்த ஒரு சந்திப்பில் எல்லாம் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும். என் வரைபடம் ஒன்றில் இப்படி ஒரு சந்திப்பை மூன்று வாரமாகச் சரி செய்துகொண்டிருக்கிறேன், அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம், ஆனால் எங்கே தப்பு என்று தெரியாமல் இடிக்க மனம் வரவில்லை.

விதிவிலக்காக ஒன்று, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. ஜோர்டன் மெக்னர் 1989இல் செய்தது, தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து அதன் மேல் வரைந்து அசைவுகளை உருவாக்கினார். இதில் எதுவும் மாறாது: அதே முள், அதே கதவு, அதே 60 நிமிடம். ஆனாலும் திரும்ப ஆடலாம், ஏனென்றால் மாறுவது நம் கை. முதல் முறை நேரம் போதாமல் தவித்தவர் பிறகு பத்து நிமிடம் மிச்சம் வைத்து முடிப்பார். பாட்டுக்குச் சாதகம் செய்வது மாதிரி அது. எல்லோருக்கும் பிடிக்காது. மங்கி ஐலண்ட் போன்ற கதை கேம்களோ அருமையானவை, ஆனால் புதிரெல்லாம் மறந்து போக பத்து வருடம் இடைவெளி விட்டால்தான் இரண்டாவது முறை ருசிக்கும்.

பழைய லேப்டாப் போதும். நெட்ஹேக், ஃப்ரீசிவ், ஓபன்டிடிடி மூன்றும் இலவசம். ஃப்ரீடூம் என்ற இலவச லெவல் தொகுப்பை வைத்து டூம் மாதிரியே ஆடலாம். பழைய டாஸ் கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்ட டாஸ்பாக்ஸ். ஏஜ் 2 காசு கொடுத்து வாங்க வேண்டியது, தள்ளுபடிக்குக் காத்திருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்கிப் போட்டால் எதையும் ஆட மாட்டீர்கள், ஒன்று எடுத்து ஒரு மாதம் ஆடுங்கள். நெட்ஹேக்கில் தொடங்குவதானால் முதல் ஆளாக வால்கிரி என்ற போர்வீராங்கனையை எடுத்துக்கொள்ளுங்கள், அடி தாங்கும். கூடவே ஒரு பூனைக்குட்டியோ நாய்க்குட்டியோ வரும், அதை விட்டுவிட்டுக் கீழே இறங்காதீர்கள். தரையில் கிடக்கும் ஒரு பொருளின் மேல் அது தயங்கித் தயங்கிக் கால் வைத்தால் அந்தப் பொருளுக்குச் சாபம் இருக்கிறது என்று அர்த்தம், எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.